வாய்க்கால் கரையில் ஓடும் காருக்கு எந்தக் கதவு சரிப்படும்?

மேலே தூக்கித் திறப்பது, பக்கவாட்டில் நகர்வது, கைப்பிடியே வெளியே தெரியாமல் ஒடுங்கிக் கிடப்பது என்று கார் கதவுகள் விதவிதமாக வருகின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கம் வண்டி ஓட்டுபவர் வாங்குமுன் இரண்டு விஷயம் பார்த்தே ஆக வேண்டும்: ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் பஸ் என்று நிற்கையில் அது எப்படித் திறக்கும், அப்புறம் பேட்டரி செத்துப்போனால் எப்படித் திறக்கும்.

இறக்கை மாதிரி மேலே விரியும் கதவை 1954-ல் மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரில் அழகுக்காக வைக்கவில்லை. குழாய்களால் ஆன அதன் சட்டம் பக்கவாட்டில் உயரமாக எழும்பியதால் சாதாரணக் கதவுக்கு இடமில்லாமல் போய், கூரையில் கீல் வைத்தார்கள். வண்டி தலைகீழாகக் கவிழ்ந்தால் இந்தக் கதவைத் திறக்க முடியாது. அதனால்தான் பின்னாளில் அதே மெர்சிடிஸின் எஸ்எல்எஸ் ஏஎம்ஜி காரில், கவிழ்ந்தால் வெடித்துக் கதவைக் கழற்றிவிடும் போல்ட்டுகளை வைத்தார்கள். லம்போர்கினி கவுன்டாக் காரால் பிரபலமான, முன்பக்கக் கீலில் சுழன்று மேலே எழும்பும் கத்தரிக்கோல் கதவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் போதும், தலைக்கு மேல்தான் நிறைய வேண்டும். தகரக் கொட்டகையில் நிறுத்துபவர் முதலில் டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

ரோல்ஸ் ராய்ஸ் போலப் பின்பக்கம் கீல் வைத்த கதவில் ஏறி இறங்குவது சுகம். ஓட்டத்தில் தாழ் கழன்றுவிட்டால் மட்டும் காற்றே அதை இழுத்துத் திறந்துவிடும், எனவே ஓடும்போது தானாகப் பூட்டிக்கொள்ளாத பழைய வண்டி வேண்டாம்.

என்னைக் கேட்டால் நம்ம ஊருக்கு நகரும் கதவுதான். அந்தக் காலத்து ஆம்னி, இப்போதைய ஈக்கோ வகை. கும்பகோணத்தில் கோயிலை ஒட்டிய சந்துகளில் சுவரோரம் நிறுத்தினாலும் வயதானவர்களை நிதானமாக இறக்கலாம், கதவில் பைக்காரர் மோதும் பயமும் கிடையாது. ஆனால் கதவு திறந்திருப்பதே பின்னால் வருபவருக்குச் சட்டென்று தெரியாது, இறங்குபவர் நேராக ரோட்டில் கால் வைப்பார். ஆகவே இடது பக்கமே இறக்குங்கள். அறுவடை சமயத்தில் ரோட்டிலேயே நெல் காயும் அல்லவா, அந்தப் பதரும் வைக்கோல் தூசியும் கதவு ஓடும் பள்ளத்துக் கிரீஸில் ஒட்டிக் கெட்டியாகிவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்துவிட்டு, கதவு முழுக்கத் திறந்ததும் டக்கென்று பிடித்து நிற்கிறதா என்று பாருங்கள், பிடிக்காவிட்டால் பிரேக் அடிக்கையில் குழந்தையின் விரலில் வந்து விழும்.

சாதாரணக் கதவாக இருந்தால் டிரைவர் இடது கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும்.

இனி தண்ணீர். ஜூனில் மேட்டூர் திறந்த பிறகு கல்லணைக் கால்வாய், வெண்ணாறு ஓரத்தில் வண்டி ஓட்டும் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒரு மீட்டர் அகலக் கதவின் வெளியே அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே சுமார் 125 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். எனவே வண்டி தண்ணீரில் விழுந்தால் கதவோடு மல்லுக்கட்டாமல், போனையும் எடுக்காமல், பெல்ட்டை அவிழ்த்து உடனே ஜன்னலை இறக்குங்கள், முதலில் பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டு நீங்களும் வந்துவிடுங்கள். வண்டி விழுந்த உடனே பவர் விண்டோ பெரும்பாலும் வேலை செய்யும், தாமதித்தால் சொல்ல முடியாது. சைல்டு லாக் போட்டிருந்தால் பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

கைப்பிடி ஒடுங்கும் வண்டியிலும் பட்டனால் திறக்கும் வண்டியிலும், கரண்ட் இல்லாமல் கையால் திறக்கும் நெம்புகோல் எங்கே என்று டெலிவரி எடுக்கும்போதே கேட்டு, பின்சீட்டுக்கும் அது இருக்கிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். இல்லையென்று சொன்னால் அந்த வண்டியை எடுக்காதீர்கள். கண்ணாடி உடைக்கும் சுத்தியல் ஒன்று வாங்கி டிரைவர் கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டுங்கள், டிக்கியில் போடாதீர்கள். அடிப்பதானால் பக்கக் கண்ணாடியின் மூலையில்; முன்கண்ணாடி நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, விரிசல் விடுமே தவிர வழி விடாது. சில புது மாடல்களில் பக்கக் கண்ணாடியும் அப்படித்தான் வருகிறது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.