தோன்றா எழுவாயை இங்கிலீஷில் தோன்ற வைப்பது எப்படி?

குன்னூரில் சாயங்காலம் என்னிடம் இங்கிலீஷ் படிக்க வருகிறவர்கள் யாரும் பரீட்சை எழுதப் போகிறவர்கள் இல்லை. டாக்ஸி ஓட்டுகிற தம்பிகள், ஹோம்ஸ்டேயில் சமைக்கிற அக்காக்கள், வர்க்கி பிஸ்கட் கடையில் நிற்கிற பெண்பிள்ளைகள். சீசனுக்குள் நாலு வாக்கியம் தடுமாறாமல் பேசினால் போதும் அவர்களுக்கு. நான் டென்ஸைத் தொடுவதற்கு முன்னால் வாக்கியத்தின் முதல் சொல்லைத்தான் பிடிப்பேன். பாதித் தப்பு அங்கேதான் பிறக்கிறது.

‘மேட்டுப்பாளையம் போயிருக்கார், அஞ்சு மணிக்கு வந்துருவார்.’ இதில் ஆள் யாரென்று தனியாகச் சொல்லவில்லை. ‘ஆர்’ என்ற விகுதியே சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இதைத் தோன்றா எழுவாய் என்று படித்திருப்பீர்கள். இங்கிலீஷ் வினையில் அந்த வால் கிடையாது. ‘வென்ட்’ என்று மட்டும் சொன்னால் நான் போனேனா, அவள் போனாளா, காட்டெருமை போனதா என்று கேட்கிறவருக்குத் தெரியாது. டிரைவர் சீட் காலியாக இருந்தால் வண்டி நகராது என்று தம்பிகளிடம் சொல்வேன். எழுவாய்க்கான அந்த சீட்டில் ஒரு நவுன், அதாவது பெயர்ச்சொல், உட்காரலாம். இல்லையென்றால் அதற்குப் பதிலாக ஐ, யூ, ஹி, ஷி, இட், வி, தே என்ற ஏழு ப்ரோநவுன்களில் ஒன்று. ‘மை ஹஸ்பெண்ட் ஹி இஸ் கமிங்’ என்று இரண்டையும் சேர்த்து உட்கார வைக்கக் கூடாது. ‘மை ஹஸ்பெண்ட் இஸ் கமிங்’ என்று ஒருமுறை சொல்லுங்கள், அடுத்த வாக்கியத்தில் ‘ஹி’ போடுங்கள். ‘வெயிட் ஹியர்’, ‘சிட் டவுன்’ மாதிரி ஏவல் வாக்கியங்களுக்கு மட்டும் எழுவாய் வேண்டாம்.

யாருமே செய்யாத வேலைக்கும் அந்த சீட்டில் ஒருவரை வைக்க வேண்டும் என்பதுதான் நம் ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியம். மழை பெய்கிறது: ‘இட் இஸ் ரெய்னிங்.’ குளிருகிறது: ‘இட் இஸ் கோல்ட்.’ மணி ஆறாகிவிட்டது: ‘இட் இஸ் சிக்ஸ்.’ ஊட்டிக்கு ஒரு மணி நேரம் ஆகும்: ‘இட் டேக்ஸ் ஒன் அவர் டு ரீச் ஊட்டி.’ இந்த ‘இட்’ எது என்று தேடாதீர்கள், அதற்கு அர்த்தமே இல்லை. மேகம் இறங்கி எதிரே வருகிற வண்டி தெரியாத நாளில் ‘இட் இஸ் மிஸ்டி’ என்ற மூன்று சொல் டிரைவருக்குச் சோறு போடும்.

அடுத்தது மரியாதை. நம் அக்காக்கள் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசும்போது ‘அவங்க’ என்பார்கள். அதை அப்படியே ‘தே ஆர் இன் த கார்டன்’ என்று சொன்னால், விருந்தாளி தோட்டத்தில் எத்தனை பேர் என்று எட்டிப் பார்ப்பார். ஒரே ஆண், அதனால் ‘ஹி’. மாமியார் எவ்வளவு பெரிய மனுஷியாக இருந்தாலும் ‘ஷி’. அதில் அவமரியாதை எதுவும் இல்லை. இங்கிலீஷ்காரன் மரியாதையை ‘ப்ளீஸ்’, ‘சார்’, ‘மேடம்’ போன்ற சொற்களில் வைத்திருக்கிறான். நீ, நீங்கள் இரண்டுக்கும் ‘யூ’தான். எதிரே ஒரு குழந்தை நின்றாலும் ‘யூ ஆர்’, ‘யூ இஸ்’ கிடையவே கிடையாது. ஆணா பெண்ணா தெரியாத ஒருவர் போனில் பேசியிருந்தால் ‘தே’ என்று சொல்லலாம், அது அவர்களிடமே உள்ள வழக்கம்.

நாம், நாங்கள் இரண்டும் ‘வி’ ஆகிவிடுவது எனக்குப் பிடிக்காத விஷயம். ‘வி ஈட் அட் எய்ட்’ என்றால் விருந்தாளிக்கும் சேர்த்துத்தான் என்று அவர் நினைத்துக்கொள்ளலாம். வீட்டு ஆட்களை மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘மை ஃபேமிலி அண்ட் ஐ’ என்று உடைத்துச் சொல்லுங்கள். ‘மீ அண்ட் மை ஃபேமிலி’ என்று தொடங்காதீர்கள்; எழுவாய் இடத்தில் ‘மீ’, ‘ஹிம்’, ‘தெம்’ வராது.

‘எனக்கு’ என்று தொடங்குகிற வாக்கியங்களும் நம்மை அந்த ‘மீ’யிடம்தான் இழுத்துப் போகும். எனக்குத் தெரியாது: ‘ஐ டோன்ட் நோ.’ எனக்குப் பசிக்குது: ‘ஐ ஆம் ஹங்ரி.’ எனக்குத் தலைவலி: ‘ஐ ஹேவ் எ ஹெட்ஏக்.’ அவளுக்கு வர்க்கி பிடிக்கும்: ‘ஷி லைக்ஸ் வர்க்கி.’ தமிழில் ‘கு’ உருபு இருந்தாலும் இங்கே அந்த ஆள்தான் எழுவாய். பத்து வாக்கியம் இப்படி மாற்றிப் பழகினால் பிடிபட்டுவிடும்.

நவுனில் நான் முக்கியமாகப் பார்ப்பது எண்ணிக்கை. ‘நாலு ரூம் காலி’ என்பது நல்ல தமிழ், அஃறிணைக்கு ‘கள்’ போடாமலே ஓட்டிவிடுவோம். இங்கிலீஷில் ‘ஃபோர் ரூம்ஸ்’ என்று கடைசி ‘ஸ்’ காதில் விழ வேண்டும். ஆனால் டிரைவர்கள் சொல்கிற ‘லக்கேஜஸ்’ தப்பு. லக்கேஜ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், அட்வைஸ் எல்லாம் எண்ணக் கூடாத நவுன்கள். எண்ண வேண்டுமானால் ‘த்ரீ பேக்ஸ்’ என்று சொல்லுங்கள். பொருள்கள் பலவாக இருந்தாலும் நாம் பேச்சில் ‘அது’ என்றே சொல்வோம், அங்கே ‘தே’. கேரட் விற்கிறவர் ‘தே ஆர் ஃப்ரெஷ்’ என்றுதான் சொல்ல வேண்டும். காட்டெருமைக்கு ‘இட்’ போதும். விருந்தாளி கூட்டி வந்த நாய்க்கு மட்டும் அவர் ‘ஹி’ என்றால் நீங்களும் ‘ஹி’ என்றே சொல்லிவிடுங்கள், ‘இட்’ என்றால் சிலருக்கு முகம் வாடும்.

வினையில் ‘இஸ்’ஸா ‘ஆர்’ஆ என்று சந்தேகம் வந்தால், நவுனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ப்ரோநவுனைப் போட்டுப் பாருங்கள். ‘த ரோட் டு த எஸ்டேட்ஸ்’, இதில் கெட்டுப்போனது ரோடு, எஸ்டேட் இல்லை. ஆகவே ‘இட்’, ஆகவே ‘இஸ் பேட்’. ‘த டிரைவர் அண்ட் த கைட்’ என்றால் ‘தே’, ‘ஆர் வெயிட்டிங்’. ‘தொட்டபெட்டா’ ஒற்றைச் சிகரம், ‘இட்’: ‘தொட்டபெட்டா இஸ் 2,637 மீட்டர்ஸ் ஹை.’ சிகரத்துக்கு முன்னால் ‘த’ வராது, மலைத்தொடருக்கு வரும்: ‘த நீல்கிரிஸ் ஆர் பியூட்டிஃபுல்.’ அதே பெயரை மாவட்டமாகச் சொன்னால் ‘த நீல்கிரிஸ் இஸ் எ டிஸ்ட்ரிக்ட்’. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரைக்கும் 46 கிலோமீட்டர் ஏறுகிற நம் ரயிலில் பெட்டி எத்தனை இருந்தாலும் ‘த டாய் ட்ரெயின்’ ஒன்றுதான்: ‘இட் இஸ் லேட் டுடே.’

எழுதும்போது ஒரு வேலை கூடுதல். ஊர், ஆள், கிழமை, மாதப் பெயர்களுக்கு முதல் எழுத்து பெரிய எழுத்து. ‘ஐ’ வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் பெரிய எழுத்துதான். வாட்ஸ்ஆப்பில் போனே பெரும்பாலும் திருத்திக்கொடுத்துவிடும். கடை வாசலில் பெயின்ட்டால் எழுதுகிற போர்டை, காய்வதற்குள் யாரிடமாவது ஒருமுறை காட்டிவிடுங்கள்.