கவுன்சிலர் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடுவது? சென்னை வாக்காளருக்கு ஒரு வழிமுறை

சென்னை மாநகராட்சியின் இப்போதைய கவுன்சிலர்கள் 2022 மார்ச்சில் பதவியேற்றவர்கள். ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. 2022 தேர்தலில் மாநிலம் முழுக்க 60 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவானபோது, சென்னையில் சுமார் 43 சதவீதம்தான். ஏன் போகவில்லை என்று கேட்டால் பலரும் சொல்வது, "நிக்கிறவங்க யாருன்னே தெரியாதே!" நியாயமான குறைதான். ஆனால் மாலை நேரங்களில் கொஞ்சம் மெனக்கெட்டால் தீர்ந்துவிடும் குறை.

அதற்கு முந்தைய மாநகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் ஐந்தாண்டுக்கு மேல் நகருக்குக் கவுன்சிலரே கிடையாது, அரசு நியமித்த தனி அலுவலரின் நிர்வாகம்தான். தெருவில் தண்ணீர் நின்றால் வீடு தேடிப்போய்க் கேட்க ஓர் ஆள் இல்லாத காலம் அது. அந்த ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மறுபடி வருகிறது, முறையாகச் செய்வோம்.

முதலில் உங்கள் வார்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

2022 தேர்தலின்போது சென்னையில் 15 மண்டலங்கள், 200 வார்டுகள். உங்கள் சட்டமன்றத் தொகுதி தெரிந்திருந்தால் மட்டும் போதாது. எதிர்சாரி வீடுகள் வேறு வார்டில் இருப்பது சகஜம். இந்தத் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்ற வாக்காளர் பட்டியலை அடிப்படையாக வைத்து வார்டு வாரியாகப் பட்டியல் தயாரிப்பார்கள். அதில் உங்கள் பெயர் எந்த வார்டில் இருக்கிறது என்று பாருங்கள். வார்டு பொதுவா, பெண்களுக்கா, பட்டியல் இனத்தவருக்கா என்பதையும் கவனியுங்கள். போன முறை இருந்த ஒதுக்கீடு இந்த முறை மாறலாம்.

கவுன்சிலரின் வேலை எது, எது இல்லை

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இது தெரியாமல் வேட்பாளரை எடைபோட முடியாது.

குப்பை, தெருவிளக்கு, உள் தெருக்களின் சாலை, மழைநீர் வடிகால், பூங்கா, கொசு ஒழிப்பு, மாநகராட்சிப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், பிறப்பு இறப்புச் சான்றிதழ், சொத்து வரி, இதெல்லாம் மாநகராட்சியின் பொறுப்பு. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் சென்னைக் குடிநீர் வாரியத்திடம், நம் வழக்கில் மெட்ரோ வாட்டர். கரண்ட் மின்வாரியத்திடம். ரேஷன் கடையும் போலீஸும் மாநில அரசிடம். சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. (கோவை, மதுரை போன்ற ஊர்களில் குடிநீரும் மாநகராட்சியின் பொறுப்பில் வரும். அங்கே இருப்பவர்கள் இந்தப் பட்டியலைத் திருத்திக்கொள்ளுங்கள்.)

கவுன்சிலர் நேரடியாக உத்தரவு போடுகிற அதிகாரி கிடையாது. மன்றக் கூட்டத்திலும் மண்டலக் குழுவிலும் பேசலாம், தீர்மானங்களுக்கு ஓட்டுப் போடலாம். வார்டு மேம்பாட்டு நிதியில் எந்த வேலையை எடுப்பது என்று பரிந்துரைக்கலாம். வார்டு உதவிப் பொறியாளரை, நம் வழக்கில் ஏ.இ., விடாமல் துரத்தலாம். உண்மையில் ஒரு நல்ல கவுன்சிலரின் பாதி வேலை இந்தத் துரத்தல்தான்.

ஓர் உதாரணம். மழையே பெய்யாத நாளில் மழைநீர் வடிகாலிலிருந்து கழிவுநீர் நாற்றம் வருகிறது. யாரோ வீட்டுக் கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமாக வடிகாலில் சேர்த்திருக்கிறார்கள். மாநகராட்சி ஏ.இ.யிடம் போனால், "கழிவுநீர் மெட்ரோ வாட்டர் சார்." மெட்ரோ வாட்டர் டெப்போவுக்குப் போனால், "வடிகால் கார்ப்பரேஷனுடையது." இரண்டு தரப்பையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வந்து நிற்க வைத்து, மூடியைத் திறந்து காட்டி, யார் எதைச் செய்வது என்று பேசி முடிக்க ஓர் ஆள் வேண்டும். வேட்பாளர்களை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

உறுதிமொழிப் பத்திரத்தைப் படியுங்கள்

வேட்புமனுவோடு சொத்து, கடன், கல்வி, வழக்கு விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தர வேண்டும். உங்கள் வார்டில் நிற்கும் எல்லோருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"இவர் மேல் நாலு வழக்கு" என்று கேள்விப்பட்டதும் ஒதுக்கிவிடாதீர்கள். பிரிவு எண்ணைப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143, 188, 341 ஆகிய பிரிவுகள் பெரும்பாலும் சாலை மறியல், அனுமதியில்லாத ஆர்ப்பாட்டம் போன்றவற்றுக்குப் போடப்படுபவை. குடிநீர் கேட்டுக் காலிக்குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தவர் மேலும் அந்த வழக்கு இருக்கும். என் கணக்கில் அது குறை இல்லை. 420 மோசடி, 384 மிரட்டிப் பணம் பறித்தல், 506 மிரட்டல். இவை வேறு ரகம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததால் புதிய வழக்குகளில் எண்கள் மாறியிருக்கும், தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கிறதா, தண்டனை வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் தொழில். மாநகராட்சி கவுன்சிலருக்கு 2023 முதல் மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம். அதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே அவர் வேறு எதில் சம்பாதிக்கிறார் என்பது முக்கியம். கட்டட ஒப்பந்தம், மனை வியாபாரம் என்றிருந்தால் அது குற்றமில்லை. ஆனால் கூடுதலாக நாலு கேள்வி கேளுங்கள்.

ஓட்டுக் கேட்டு வரும்போது நீங்கள் கேளுங்கள்

தெருவுக்குள் வரும்போது மேளமும் கூட்டமுமாக இருக்கும், அரை நிமிடம்தான் கிடைக்கும். முடிந்தால் காலை நேரத்தில் தேர்தல் பணிமனைக்கே போய்விடுங்கள். "வார்டுக்கு என்ன செய்வீங்க?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். உங்கள் தெருவின் ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள்.

"எங்க தெருமுனையில போன மழைக்கு முழங்கால் அளவு தண்ணி நின்னுச்சு. இந்தத் தண்ணி எங்க போய்ச் சேரணும்?"

நல்ல வேட்பாளர் அந்த வடிகால் எந்தக் கால்வாயில் சேர்கிறது என்று சொல்வார், அல்லது தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்பார். இரண்டும் மதிக்க வேண்டிய பதில்கள். "ஜெயிச்சதும் சரி பண்ணிடலாம்" என்பது பதிலே இல்லை. அடுத்து, வார்டு ஏ.இ. ஆபீஸ் எங்கே, மெட்ரோ வாட்டர் டெப்போ எங்கே என்று கேளுங்கள். இதுகூடத் தெரியாதவர் இன்னும் வார்டுக்குள் நடக்கவில்லை என்று பொருள். "உங்களை எங்க வந்து பார்க்கலாம், எத்தனை மணிக்கு?" என்பதை மறக்காமல் கேளுங்கள்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு. பட்டியல் இனப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட சென்னை மேயர் பதவிக்குத்தான் 2022 மார்ச் 4 அன்று பிரியா வந்தார். ஆனால் வார்டில் ஒரு காட்சி அடிக்கடி நடக்கும். வேட்பாளர் கைகூப்பி நிற்பார், கேள்விக்கெல்லாம் கணவரோ அண்ணனோ பதில் சொல்வார். நீங்கள் முகத்தைத் திருப்பாமல், "அக்கா, நீங்க சொல்லுங்க" என்று அவரிடமே கேளுங்கள். பேச இடம் கிடைத்தால் தெளிவாகப் பேசும் பெண்கள் நிறையப் பேர். தெருக்குழாய்க்கும் ரேஷன் கடைக்கும் நடந்த அனுபவம் அவர்களிடம்தான் அதிகம். கேட்டும் அவர் வாய் திறக்க விடப்படவில்லை என்றால், ஜெயித்த பிறகு கையெழுத்து மட்டும் அவருடையதாக இருக்கும்.

பழைய கவுன்சிலரே நின்றால்

இதற்குத் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே தொடங்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். கேட்க வேண்டியது: கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த வார்டில் நடந்த வேலைகள், தெருவின் பெயர், தொகை, ஒப்பந்ததாரர், எந்த நிதி. 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் கையில் வந்ததும் அந்தத் தெருக்களில் ஒருமுறை நடந்து பாருங்கள். காகிதத்தில் போட்ட சாலை காலடியில் இருக்கிறதா?

கட்சியா, ஆளா

2011இல் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம். 2022இல் கவுன்சிலர்கள்தான் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த முறை தொடரும்வரை உங்கள் வார்டு ஓட்டு மேயரையும் தீர்மானிக்கிறது. கட்சிக்கு அந்த அளவு இடம் கொடுக்கலாம். மற்றபடி வார்டில் நான் ஆளைத்தான் முதலில் பார்ப்பேன். "ஆளுங்கட்சி ஜெயிச்சாத்தான் வேலை நடக்கும்" என்பார்கள். வார்டு மேம்பாட்டு நிதி எல்லாக் கவுன்சிலருக்கும் உண்டு. விடாப்பிடியான எதிர்க்கட்சிக் கவுன்சிலர் மன்றத்தில் எழுந்து நின்றால் அதிகாரிகள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சுயேச்சை என்றால், ஜெயித்ததும் எந்தக் கட்சியிலாவது சேர்வீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

செலவைக் கண்ணால் அளவிடுங்கள்

2022இல் சென்னை வார்டு வேட்பாளரின் செலவு வரம்பு 90,000 ரூபாய். வாடகை வண்டிகள், நோட்டீஸ், தினமும் கூட்டத்துக்குப் பிரியாணி, பேட்டா என்று மனக்கணக்குப் போட்டாலே யார் வரம்பைத் தாண்டுகிறார் என்று தெரிந்துவிடும். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். கவரோடு வந்தால் வாங்காதீர்கள். போட்ட காசை எடுக்கிற இடம் உங்கள் தெருச் சாலையின் ஒப்பந்தம்தான்.

ஓட்டுப் போடும் நாள்

பெயரும் வாக்குச்சாவடியும் முதல் நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள். சட்டமன்றத் தேர்தலில் போன அதே பள்ளியாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாக்காளர் அட்டையை எடுத்துவையுங்கள். சுயேச்சைகள் நிறைய நிற்கும் வார்டில் ஒரே மாதிரிப் பெயர்கள் இருக்கும். நீங்கள் முடிவுசெய்தவரின் சின்னத்தை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.