ஆலைக்குக் கீழே ஆறு எப்படி இருக்கிறது? நியூசிலாந்தின் கண்காணிப்பு முறையைப் படிப்படியாகப் புரிந்துகொள்வோம்

நியூசிலாந்தில் ஆறு, ஓடை, ஏரி, நிலத்தடி நீர் எல்லாவற்றையும் கவனிக்கும் பொறுப்பு பிராந்திய கவுன்சில்களுடையது. மொத்தம் 11 கவுன்சில்கள். ஆக்லாந்து, நெல்சன், மார்ல்பரோ போன்ற சில இடங்களில் மட்டும் உள்ளூர் நிர்வாகமே இந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது. ஒரு பால் பவுடர் ஆலையோ இறைச்சிக் கூடமோ காகித ஆலையோ ஆற்றில் கழிவுநீர் விடுகிறது என்றால், அதனால் ஆற்றுக்கு என்ன ஆகிறது என்று இவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஏதாவது ஓர் ஆலையை மனதில் வைத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

படி 1: அனுமதிப் பத்திரத்தைப் படியுங்கள்

எல்லாம் 1991-ஆம் ஆண்டின் வள மேலாண்மைச் சட்டத்தில் தொடங்குகிறது. அதன் 15-ஆவது பிரிவின்படி, தேசிய விதியோ பிராந்தியத் திட்டமோ இடம் கொடுக்காவிட்டால், அனுமதி வாங்காமல் தண்ணீரில் கழிவை விடக்கூடாது. அதிகபட்சம் 35 ஆண்டுகளுக்கு அனுமதி தரலாம். அது நீண்ட காலம். அதனால்தான் பத்திரத்தில் உள்ள நிபந்தனைகளை வரிவரியாகப் படிக்க வேண்டும் என்கிறேன். ஒரு நாளைக்கு எவ்வளவு விடலாம், ஆற்றில் ஓட்டம் குறைந்தால் நிறுத்த வேண்டுமா, எங்கே எப்போது மாதிரி எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். நிபந்தனையில் இல்லாத ஒன்றை நிபந்தனை மீறல் என்று சொல்ல முடியாது.

படி 2: மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம்

கண்காணிப்பின் உயிர்நாடியே இதுதான். ஆலையின் கழிவுநீர்க் குழாய் ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி. கீழே எடுத்த தண்ணீரில் நைட்ரஜன் அதிகம் என்பது மட்டும் ஆலையைக் குற்றவாளி ஆக்காது. மேலே இருக்கும் பண்ணைகளிலிருந்தே அது வந்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் ஆலையின் கணக்கு.

கீழே என்றால் எவ்வளவு தூரம்? கழிவு ஆற்றோடு ஓரளவு கலந்துவிட்ட பிறகு. இதற்காக ஒரு கலப்பு மண்டலத்தை அனுமதியிலேயே குறிப்பதுண்டு. அதைத் தாண்டியபின் என்னவெல்லாம் இருக்கக்கூடாது என்று சட்டத்தின் 107-ஆவது பிரிவு சொல்கிறது: கண்ணுக்குத் தெரியும் எண்ணெய்ப் படலம், நுரை, நிறமாற்றம், சகிக்க முடியாத நாற்றம். கால்நடைகள் குடிக்க முடியாத நிலையும் வரக்கூடாது, நீர்வாழ் உயிர்களுக்குப் பெரிய பாதிப்பும் கூடாது.

படி 3: தண்ணீரை அளப்பது

வெப்பநிலை, கார அமிலத் தன்மை, கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா, பாஸ்பரஸ், ஈ.கோலை பாக்டீரியா, தெளிவு. ஆரம்பத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும். இரண்டு விஷயங்களை மட்டும் மறக்காதீர்கள். தண்ணீர் சூடாக இருந்து காரத்தன்மையும் ஏறினால், அதே அளவு அம்மோனியா மீனுக்கு அதிக நஞ்சாகும். அப்புறம், பாசி நிறைந்த ஆற்றில் ஆக்சிஜன் விடியலுக்குச் சற்று முன்புதான் மிகவும் குறையும். மதியம் 2 மணிக்கு ஒருவர் போய் அளந்தால் எல்லாம் நன்றாகவே தெரியும். அதனால் இரவும் பகலும் ஆற்றிலேயே கிடந்து பதிவு செய்யும் கருவி வைத்த அறிக்கையைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

படி 4: பூச்சிகளைக் கேளுங்கள்

பாட்டிலில் பிடித்த தண்ணீர் அந்த நிமிடத்தைத்தான் சொல்லும். போன வாரம் நள்ளிரவில் என்ன விட்டார்கள் என்று அதற்குத் தெரியாது. ஆற்றுக் கல்லுக்கு அடியில் மாதக்கணக்கில் வாழும் சின்னஞ்சிறு உயிர்களுக்குத் தெரியும்.

காலால் கற்களைக் கிளறி, மிதந்து வருவதை வலையில் பிடித்து, வகை பிரிக்கிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். சுத்தமான நீரில் மட்டும் வாழ்வதற்கு அதிகம், எதையும் தாங்குவதற்குக் குறைவு. மேஃப்ளை என்ற பூச்சியின் ஒரு வகையான டெலியாடிடியத்துக்கு 8, மண்புழு இனத்துக்கு 1. சராசரியை 20-ஆல் பெருக்கினால் எம்.சி.ஐ. என்ற குறியீடு கிடைக்கும். 1980-களில் தாரனாக்கி பிராந்தியத்தின் ஓடைகளை வைத்து உருவான முறை இது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். மேலே பிடித்த ஐந்து வகைகளின் மதிப்பெண்கள் 8, 9, 7, 6, 4. சராசரி 6.8, குறியீடு 136. கீழே 6, 4, 3, 1, 1. சராசரி 3, குறியீடு 60. பொதுவாக 120-க்கு மேல் போனால் மிக நல்ல நிலை, 80-க்குக் கீழே இறங்கினால் மோசம். ஒரே ஓடையில் ஒரு குழாயைத் தாண்டியதும் 136 என்பது 60 ஆகிறது என்றால், எனக்கு வேறு எந்த வரைபடமும் வேண்டாம். ஆனால் இரண்டு இடத்திலும் கல்லும் நிழலும் ஓட்டமும் ஒரே மாதிரி இருந்ததா என்று கட்டாயம் பாருங்கள். சேற்று அடி கொண்ட ஓடைக்கு மதிப்பெண் பட்டியலே வேறு.

அதே நேரத்தில் கற்களைக் கண்ணாலும் பார்க்கிறார்கள். சர்க்கரைப் பொருள் நிறைந்த கழிவு வந்தால் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒன்று படரும். அது தெரிந்தாலே விசாரணை தேவை.

படி 5: யார் அளந்தது?

பல அனுமதிகளில் ஆலையே மாதிரி எடுத்து அறிக்கை தருகிறது. கவுன்சில் தனியாகவும் போய்ச் சோதிக்கிறது, அந்தச் செலவைச் சட்டப்படி ஆலையிடமே வசூலிக்கலாம். அறிக்கையில் எந்த எண் யாருடையது என்று பிரித்துப் படியுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் சரி.

படி 6: மீறினால்

முதலில் எச்சரிக்கைக் கடிதம். அடுத்து, நிறுத்து அல்லது சரிசெய் என்று சொல்லும் தடுப்பு அறிவிப்பு, உடனடி அபராதம். பெரிய மீறல் என்றால் நீதிமன்ற வழக்கு. இந்தச் சட்டத்தில், வேண்டுமென்றே செய்தார்கள் என்று கவுன்சில் நிரூபிக்க வேண்டியதில்லை.

படி 7: நீங்களே தேடுங்கள்

ஆறுகளின் பொது நிலையை லாவா என்ற இணையதளத்தில் இடம் வாரியாகப் பார்க்கலாம். ஆனால் அது குறிப்பிட்ட ஓர் ஆலையைப் பற்றிச் சொல்லாது. தாரனாக்கி கவுன்சில் போல ஆலை வாரியாக ஆண்டறிக்கை வெளியிடும் இடங்களும் உண்டு. கிடைக்காவிட்டால் 1987-ஆம் ஆண்டின் உள்ளாட்சித் தகவல் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். 20 வேலை நாட்களுக்குள், தருவார்களா மாட்டார்களா என்று முடிவு சொல்லியாக வேண்டும். கடிதத்தில் அனுமதி எண்ணைக் குறிப்பிட்டு, மேலே, கீழே இரண்டு இடங்களின் அளவுகளையும் தேதியோடு, அன்றைய ஆற்றின் ஓட்டத்தோடு சேர்த்துக் கேளுங்கள். ஓட்டம் இல்லாத எண்களை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.