கருவின் மூளைக்குத் தாயின் தைராய்டு: கர்ப்பிணி வீட்டார் கவனிக்க வேண்டியவை

கருவின் தைராய்டு சுரப்பி ஏறத்தாழ 12ஆம் வாரத்துக்குப் பிறகே ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது. அதுவரை நரம்பணுக்கள் தத்தம் இடத்துக்கு நகர்ந்து மூளை உருப்பெறுவதற்குத் தாயின் ஹார்மோனே துணை என்பதால், கர்ப்பம் உறுதியானவுடன் தைராய்டு சரியாக இயங்குகிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) எடுப்பவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. அளவைக் கூட்ட வேண்டியும் வரலாம். காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, காபியை அரைமணி நேரமாவது, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை 4 மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள்.

அடுத்தது உப்பு. தைராய்டு ஹார்மோன் உருவாக அயோடின் வேண்டும். காரைக்குடிப் பக்கம் பல வீடுகளில் பீங்கான் ஜாடி நிறைய அயோடின் சேராத கல் உப்பு இருக்கும். ஆச்சிக்கு அதுதான் ருசி. ஊறுகாய்க்கு அது இருக்கட்டும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே சமையலுக்கு அயோடின் உப்பை வாங்கி, மூடிய டப்பாவில் அடுப்பு வெக்கை எட்டாமல் வைத்து, குழம்பை இறக்கும் சமயத்தில் போடுங்கள்.