படியேறினால் மூச்சு வாங்கிய காலம்

2021 ஆகஸ்ட், கோவிட்டின் டெல்டா அலை. எனக்கும் தொற்றியது. காய்ச்சல் ஆறு நாளில் விட்டது, களைப்பு விடவில்லை. கம்பஸ் திறந்த பிறகு இரண்டாம் மாடிக்கு ஏறினால், கரும்பலகைக்கு முன்னால் சொல் வராமல் நிற்பேன். 'மாறிலி' என்ற சொல்லையே ஒருநாள் மறந்துவிட்டேன், படிப்பிப்பதோ புள்ளிவிபரவியல்!

இரத்தம், தைரொயிட், எக்ஸ்ரே எல்லாம் சரி. "மனசுதான்" என்றார் ஒருவர். தொற்றி 3 மாதமாகியும், வேறு காரணம் இல்லாமல் அறிகுறிகள் 2 மாதமாவது நீடித்தால் அது நெடுங்கோவிட் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த ஒக்டோபரிலேயே சொல்லியிருந்தது.

நான் செய்த பெரிய பிழை, நல்லாயிருந்த நாளில் திருகோணமலை உவர்மலையிலிருந்து டச்சு பே கடற்கரை வரை வேகநடை போனது. மறுநாள் இல்லை, அதற்கடுத்த நாள்தான் படுக்கை. மூன்று நாள்! உடற்பயிற்சி எல்லாருக்கும் மருந்தில்லை.

பிறகு ஒரு கொப்பியில் ஒவ்வொரு வேலையையும், அதற்குப் பின் வந்த களைப்பையும் எழுதினேன். காலையில் குளிப்பு, பஸ், படி மூன்றும் சேர்ந்தால் பத்து மணி வகுப்பு போச்சு. குளிப்பை மாலைக்கு மாற்றினேன். வகுப்பைக் கீழ்மாடிக்குக் கேட்டேன். கடிதம் இரண்டு மாதம் மேசையிலேயே கிடந்தது. அதற்குள் ஒரு மாணவி கதிரையை இழுத்துப் போட்டு, "இருந்து படிப்பியுங்கோ சேர், எனக்கும் இதேதான்" என்றாள். அவளுக்கு ஒப்படைத் தவணையை நீட்டிக் கொடுத்தேன்.

பத்து மாதத்தில் முக்கால்வாசி தேறினேன். கதிரை இன்னும் அங்கேதான்.