ஒரு சின்ன டின், 30 மில்லி ஸ்பிரிட், சூடாக ரசம் அவல்

நாள் முழுக்க மலையில் நடந்துவிட்டு, குளிரில் விரல் மரத்துப் போய்க் கூடாரத்து வாசலில் உட்கார்ந்திருக்கும்போது பிஸ்கட்டும் பிரெட்டும் பசியை அடக்கும், ஆனால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. சூடாக ஏதாவது வேண்டும். அதற்காக காஸ் சிலிண்டரைச் சுமக்க வேண்டாம், பத்து கிராம்கூட வராத ஓர் அடுப்பை நீங்களே செய்துகொள்ளலாம்.

பூனை உணவு வருகிற 85 கிராம் அலுமினிய டின்தான் இதற்குச் சரியான அளவு, ஆறரை செ.மீ. அகலமும் நாலு செ.மீ. உயரமும் இருந்தால் போதும். நன்றாகக் கழுவிவிட்டு, காகிதத்தில் ஒற்றை ஓட்டை போடும் பஞ்ச் கருவியை எடுத்து, விளிம்புக்கு அரை செ.மீ. கீழே சுற்றிலும் ஓட்டை போடுங்கள். அதற்கும் கீழே இன்னொரு வரிசை, மேலே இருக்கும் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் வருகிற மாதிரி. ஓட்டைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டால் பாத்திரத்தின் கனத்தில் டின் நசுங்கிவிடும், அவசரப்படாதீர்கள். அடுப்பு முடிந்தது.

எரிபொருள், பெயின்ட் கடையில் பாலிஷ் வேலைக்கு விற்கும் ஸ்பிரிட். தின்னர் வேண்டவே வேண்டாம், பெட்ரோலைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். ரயிலில் ஸ்பிரிட் எடுத்துப் போவது 1989 ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி குற்றம், விமானத்திலும் கூடாது. அதனால் உத்தரகாண்டில் ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்கு மலையேறப் போகிறவர்கள் டேராடூனில் இறங்கி அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சருகு இல்லாத இடத்தில் தட்டையான கல்லின்மேல் டின்னை வைத்து 30 மில்லி ஊற்றிப் பற்றவையுங்கள். உடனே பாத்திரத்தை வைத்தால் தீ அணைந்துவிடும். அரை நிமிடம் போனால் ஸ்பிரிட் சின்னச் சின்னக் குமிழாகக் கொதிக்க ஆரம்பிக்கும், அப்போது வையுங்கள், டின்னின் வாய் மூடிக்கொண்டதும் பக்கத்து ஓட்டைகள் வழியாக நீலமாகத் தீ பூப்பூவாக வரும். சமையலறை அலுமினியத் தாளை நாலாக மடித்து, பாத்திரத்தைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டுக் காற்றுக்கு மறைப்பு கட்டுங்கள், இது இல்லாவிட்டால் பாதி சூடு காற்றோடு போய்விடும். அரை லிட்டர் தண்ணீர் ஏழெட்டு நிமிடத்தில் கொதிக்கும்.

வெயிலில் இந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஸ்பிரிட் ஊற்றினால் பாட்டிலே பற்றிக்கொள்ளும், டின் முழுசாக ஆறாமல் ஊற்றவே கூடாது. கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள், நச்சுப்புகை ஆளைக் கொல்லும். அப்புறம், தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018இல் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் கருகிப்போனதை மறக்க முடியாது. தீ மூட்ட அனுமதி உள்ள முகாம்களில் மட்டும் இதை வெளியே எடுங்கள்.

சரி, சாப்பாடு. இந்த அடுப்பு தண்ணீர் கொதிக்க வைக்கும், அவ்வளவே, மீதிச் சமையலை வீட்டிலேயே முடித்துக் கட்டிக்கொண்டு போக வேண்டும். முதல் தடவை பொன்னி அரிசி கொண்டுபோனேன், மூவாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அரிசி வேகவே இல்லை, ஸ்பிரிட்தான் தீர்ந்தது. அவல் ஏற்கெனவே வெந்த நெல், அதற்குச் சுடுதண்ணீர் போதும்.

துவரம்பருப்பு, மிளகு, சீரகம், காய்ந்த மிளகாய் எல்லாம் வாசனை வர வறுத்து, உப்பும் பெருங்காயமும் சேர்த்துப் பொடித்துக்கொள்ளுங்கள். புளிக்கரைசலை நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, எண்ணெய் பிரியும்வரை சுருள வதக்கிச் சின்ன டப்பாவில் அடையுங்கள், பத்து நாள் தாங்கும். மலையில் 400 மில்லி தண்ணீர் கொதித்ததும் பொடி இரண்டு ஸ்பூன், புளி ஒரு ஸ்பூன், கெட்டி அவல் ஒரு டம்ளர் போட்டுக் கிளறி, மூடி, பாத்திரத்தைத் துண்டில் நன்றாகச் சுற்றிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். துண்டைப் பிரித்ததும் மிளகு வாசனை முகத்தில் அடிக்கும். உறைந்த நெய்யை ஒரு ஸ்பூன் வழித்துப் போட்டு, அது உருகி மேலே மஞ்சளாகப் படரும்போதே சாப்பிட்டுவிடுங்கள்.