புதுத் தோசைக்கல் ஒட்டுதுங்களா? எண்ணெயைக் குறைச்சுப் பாருங்க

புது வார்ப்பு இரும்புக் கல்லில் தோசை ஒட்டினால் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவது. கல்லைப் பழக்குவதில், அதாவது எண்ணெய் தடவிச் சூடேற்றி ஒட்டாமல் ஆக்குவதில், நடக்கும் பெரிய தவறே அதுதான்.

வார்ப்பு இரும்பை மணல் அச்சில் ஊற்றி எடுக்கிறார்கள். கோயம்புத்தூர் பவுண்டரிகளில் பம்பு செட்டுக்கு வார்ப்படம் ஊற்றுவதும் இப்படித்தான். அதனால் கல்லின் மேல் பக்கம் லேசாகச் சொரசொரப்பாக இருக்கும். எண்ணெய் தடவி நன்றாகச் சூடேற்றினால், அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று பின்னி, இரும்போடு பிடித்துக்கொண்டு கறுப்புப் படலமாக இறுகும். ஒட்டாமல் காப்பாற்றுவது இந்தப் படலம்தான், மேலே மிதக்கிற எண்ணெய் இல்லை. மெல்லிசாக இருந்தால்தான் அது முழுசாக இறுகும். தடிமனாகத் தடவினால் பிசுபிசுவென்று நின்று, பிறகு செதில் செதிலாக உரியும். சில சமயம் தோசையோடு சேர்ந்தே வரும்.

ஆகவே சூடான கல்லில் அரை ஸ்பூன் எண்ணெய் தடவி, காய்ந்த பருத்தித் துணியால் முழுக்கத் துடைத்து எடுத்துவிடுங்கள். எண்ணெயே தடவாத மாதிரி தெரிய வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்து, புகை கிளம்பி அடங்கும்வரை அடுப்பில் விடுங்கள். ஆறியதும் மறுபடி இதையே செய்யுங்கள். நாலைந்து முறை ஆனதும் கறுப்பு ஏறும்.

பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் கை தானாகத் தேங்காய் எண்ணெய்க்குத்தான் போகும். சமையலுக்கு அது அருமை, பழக்குவதற்கு வேண்டாம். அதில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, லேசில் இறுகாது. கடலை எண்ணெய் அதைவிட மேல். நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் இன்னும் நன்றாக இறுகும்.

வடிகஞ்சியில் மூன்று நாள் ஊறவைத்தாலே கல் பழகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. புளித்த கஞ்சி, கடையில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய பூச்சையும் லேசான துருவையும் இளக்கிவிடும். அது கழுவுகிற வேலை. பழக்குவது அதற்கு அப்புறம்தான்.

திரும்ப எடுக்கவே முடியாத தவறு ஒன்று உண்டு. சூடான கல்லை அப்படியே கொண்டுபோய்ப் பச்சைத்தண்ணியில் வைப்பது. வார்ப்பு இரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கரி (கார்பன்) கலந்திருக்கும். சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் வளையாது, உடையும். தகட்டில் அடித்த கல் என்றால் நெளிவதோடு போகும், வார்ப்புக் கல் விரிசல் விட்டால் அவ்வளவுதான். தோசைக்கு முன் நாலு சொட்டுத் தண்ணி தெளிப்பதில் தப்பில்லை. இண்டக்சன் அடுப்பில் எடுத்ததுமே முழுச் சூட்டில் வைப்பதும் ஆபத்து. குறைந்த சூட்டில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள்.

சமைக்கிறதிலும் தேர்வு வேண்டும். பள்ளிபாளையம் சிக்கனுக்கு இரும்பு வடைச்சட்டியை மிஞ்ச ஒன்றும் கிடையாது: வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு; தக்காளி, புளி எதுவும் இல்லை. தக்காளி கடைசலையும் புளிக்குழம்பையும் அதில் கொதிக்கவிட்டால் புளிப்பு படலத்தைக் கரைத்துவிடும், குழம்பிலும் இரும்பு வாடை அடிக்கும். அதையெல்லாம் மண்சட்டிக்கு விட்டுவிடுங்கள். எதைச் செய்தாலும் மிச்சத்தை ராத்திரி முழுக்க அதிலேயே வைக்காதீர்கள்.

சோப்பே படக்கூடாது என்பது சரியல்ல. இப்போதைய பாத்திரம் கழுவும் திரவம் துளி பட்டால் இறுகிய படலம் போகாது. பித்தளை மாதிரி புளி போட்டுத் தேய்ப்பதும், தினமும் கம்பி நாரால் சுரண்டுவதும்தான் கெடுக்கும். கழுவியதும் ஈரத்தோடு கவிழ்த்து வைப்பது அடுத்த தப்பு. உப்புப் போர் தண்ணி புழங்குகிற வீட்டில் காலைக்குள் துரு பூத்துவிடும். துணியால் துடைத்து, சிறு தீயில் இரண்டு நிமிடம் காயவைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

துரு பிடித்ததற்காகக் கல்லைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். விரிசல் இல்லை என்றால் அது நல்ல கல்தான். கல் உப்பும் கொஞ்சம் எண்ணெயும் போட்டு, தேங்காய் மஞ்சியால் (நாரால்) சாம்பல் நிற இரும்பு தெரியும்வரை தேயுங்கள். துரு தடிப்பாக இருந்தால் இதற்கு மட்டும் கம்பி நார் எடுக்கலாம். கழுவி, அடுப்பில் காயவைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவுவதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.